தரங்கம்பாடியில் மீன் சோறு எங்கே கிடைக்கும்?

ரெண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. தலைப்பு சுற்றுலாவும் சேவைத் துறையும். பி.காம். மூன்றாம் வருடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஹாலில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். பாதிப்பேர் தூங்கிவிட்டோம் (நானும்தான், பொய் சொல்வானேன்). ஆனால் பேச வந்தவர் நடுவில் ஒரு வரி சொன்னார் பாருங்கள், தூக்கம் போயே போச்சு.

தரங்கம்பாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கோட்டை அருமையாம், தெருக்கள் அருமையாம், ஐரோப்பாவுக்குள் நடக்கிற மாதிரியே இருக்குமாம். ஆனால் மீனவர் குடியிருப்பையும், கருவாடு காயப்போடுகிற இடத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் அங்கே சுற்றுலா வளருமாம். இதற்குக் கைத்தட்டல் வேறு!

நான் தட்டவில்லை. எழுந்து நின்று கேட்கவும் தைரியம் வரவில்லை, இன்டர்னல் மார்க் என்று ஒன்று இருக்கிறதே. அங்கே கேட்காமல் விட்டதைத்தான் இங்கே கேட்கப் போகிறேன்.

வெள்ளகோவில்காரனுக்கு கடற்கரை ஊரைப் பற்றி என்னடா தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் எண்ணெய் செக்கு உண்டு, விசைத்தறி உண்டு, முருங்கைக்காய் மூட்டை மூட்டையாக உண்டு. கடல் கிடையாது. சந்தையில் சாக்கை விரித்துப் போட்டிருக்கும் கருவாடுதான் எங்களுக்குத் தெரிந்த கடல். அந்தக் கருவாடு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று இருபது வருடமாக நான் கேட்டதில்லை. எங்கள் அம்மாயியும் கேட்டதில்லை, வாங்கி வறுப்பதோடு சரி.

போன மே மாதம் எங்கள் பெரியப்பாவுக்கு திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். கொங்கு நாட்டில் கொஞ்சம் வசதி இருக்கிற குடும்பம் என்றால் அறுபது திருக்கடையூரில்தான். வேனில் 19 பேர். நான் காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் பணப்பையையும் கணக்கு நோட்டையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். "கணக்குப் படிக்கிற பையன் நீதான் சாமி பார்த்துக்கணும்" என்று பெரியம்மா சொன்னதும் மறுக்க முடியவில்லை. இந்தக் கட்டுரைக்கு ஆதாரமே அந்த நோட்டுதான்.

முதல் நாள் கல்யாணம், விருந்து, ரூம் எல்லாம் திருக்கடையூரிலேயே முடிந்தது. மறுநாள் காலை, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கடலைப் பார்க்காமல் போவதா என்று பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற தரங்கம்பாடிக்கு வண்டியைத் திருப்பினோம். 1792-ல் கட்டிய நகர வாசல் வழியாக வேன் நுழைந்தபோது எங்கள் மாமா, "ஏனுங்க, இது நம்மூரு மாதிரியே இல்லைங்களே" என்றார். உண்மைதான். நேரான வீதி, ரெண்டு பக்கமும் பழைய வெள்ளைக் கட்டடங்கள். 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம். சீகன்பால்கு 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். கடைசியில் கடல், கடலுக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் டேனிஷ்காரன் கோட்டை.

வரலாறு கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வாதத்துக்கு வேண்டும். 1616-ல் டென்மார்க்கில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். மிளகு வேண்டும், துணி வேண்டும். 1620-ல் ஓவே கெட்டே என்கிற தளபதி வந்து தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இந்த இடத்தை வாங்கி கோட்டை கட்டினார். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கினார், அச்சுக்கூடம் வைத்தார், தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. 1845-ல் வியாபாரம் கட்டுப்படியாகாமல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. இந்த ஊருக்கும் 1926-ல் மாயவரத்திலிருந்து ஒரு ரயில் விட்டார்கள், அதையும் 1986-ல் நிறுத்திவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், டேனிஷ்காரன் வருவதற்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே, 1306-ல், குலசேகர பாண்டியன் காலத்தில் இங்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் எழும்பிவிட்டது. கடல் அதில் பாதியைத் தின்றுவிட்டது, அது வேறு கதை. அதாவது ஊர் ஏற்கெனவே இருந்தது. கரையில் ஆள் இருந்தார்கள், படகு இருந்தது. கப்பலில் வந்தவன் இருந்த ஊரில்தான் இறங்கினான். வந்தவன் 225 வருடம் இருந்தான், விற்றுவிட்டுப் போனான். ஊர்க்காரன் போகவில்லை. இன்றைக்கும் விடிகாலையில் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இப்போது போனவன் வீட்டைப் பார்ப்பதற்கு, இருக்கிறவன் தள்ளிப் போக வேண்டும் என்கிறார்கள். இதுதான் சேவைத் துறையா?

தள்ளிப் போகச் சொல்வது புதுசும் இல்லை. 2004 டிசம்பர் 26. அப்போது நான் கைக்குழந்தை. சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். தரங்கம்பாடியும் அந்தக் கணக்கில்தான் வரும் (2020-லிருந்துதான் அது மயிலாடுதுறை மாவட்டம்). 2005 மார்ச்சில் ஒரு அரசாணை வந்தது, எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிறவர்கள் வெளியே வந்தால் புது வீடு இலவசம், பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். வரமாட்டேன் என்றால் இருந்துகொள்ளலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. பாதுகாப்புக்குத்தான் சொன்னார்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நிறைய குடும்பங்கள் உள்ளே தள்ளிப் போனார்கள். ஏற்கெனவே ஒருமுறை பிணங்களை எடுத்துப் புதைத்துவிட்டுத் தள்ளிப் போனவர்களைப் பார்த்து, செல்ஃபியில் கருவாடு தெரிகிறது, இன்னும் கொஞ்சம் தள்ளு என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

தரங்கம்பாடியில் நாங்கள் இருந்தது மூணு மணி நேரம். கோட்டை நுழைவுச் சீட்டு, டீ, சுண்டல், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 640 ரூபாய். 19 பேர். ஆளுக்கு 34 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. அந்த ரெண்டு நாள் பயணத்தில் மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்துக்கு மேலே. வேன்காரருக்கு, மண்டபத்துக்கு, பூஜைக்கு, லாட்ஜுக்கு, வழியில் ஹைவே ஓட்டலுக்கு என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. எந்த ஊரைப் பார்த்து எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்களோ அந்த ஊருக்கு 640. (இன்னொரு 200 ரூபாய் உண்டு, அது கணக்கில் வேறு தலைப்பில் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.)

நாங்கள் கஞ்சப்பயல்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செலவு செய்ய வழி இல்லை! கோயில் காரியம் நேற்றே முடிந்துவிட்டதே, இன்றைக்கு மீன் சாப்பிட்டால் என்ன என்று நானும் மாமாவும் மாமா பசங்க மூணு பேரும் நைசாகக் கழன்றுகொண்டோம். கடற்கரை ஊர், மீனுக்கா பஞ்சம்? மூணு கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் பரோட்டா. ஒன்றில் தக்காளி சாதம். மூன்றாவதில் மீன் சாயங்காலம் வறுவல் மட்டும்தான், அதுவும் நிச்சயம் இல்லை என்றார்கள். உள்ளே தள்ளி எங்காவது நல்ல மெஸ் இருக்கலாம், இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் வெளியூர்க்காரன் கண்ணில் படுகிற மாதிரி இல்லை. கடைசியில் கடலைப் பார்த்துக்கொண்டு, திருக்கடையூரில் கட்டி வந்த தயிர் சாதத்தைத் தின்றோம். முந்நூறு கிலோமீட்டர் வந்து, வங்காள விரிகுடா முன்னால் உட்கார்ந்து தயிர் சாதம்!

தங்குவதும் இதே கதைதான். கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு பழைய பங்களா இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்துக் கலெக்டர் இருந்த வீடு. 2000-களில் நீம்ரானா நிறுவனம் அதைப் பழுது பார்த்து பாரம்பரிய ஓட்டலாக ஆக்கியது. கட்டடம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, இடிந்து விழ இருந்ததைக் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி. கோட்டையைப் பழுது பார்க்க டென்மார்க்கிலிருந்து ஒரு சங்கமே ஆள் அனுப்பியது, அதற்கும் நன்றி. ஆனால் அந்த மாதிரி அறை எங்கள் வேனில் இருக்கிற 19 பேருக்கு இல்லை. அதற்கு அடுத்த படி எங்கே என்று பார்த்தால் திருக்கடையூர், இல்லையென்றால் காரைக்கால். (காரைக்காலுக்கு ஏன் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், ஹி ஹி.) ஒன்று ராஜா, இல்லை என்றால் வழிப்போக்கன். நடுவில் இருக்கிறவன் இந்த ஊரில் ராத்திரி தங்க முடியாது. ராத்திரி தங்காதவன் காலையில் படகு கரைக்கு வருவதைப் பார்க்க முடியாது, மீன் ஏலத்தைப் பார்க்க முடியாது. பதினோரு மணிக்கு வந்து, வெயிலில் கோட்டையைச் சுற்றி, ஒன்றுமே இல்லைப்பா இங்கே என்று சொல்லிவிட்டுப் போவான். நாங்களும் அதைத்தான் சொன்னோம்.

இன்னொரு வேடிக்கை, ஓசோன். இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று நிறைய, நோய் எல்லாம் தீரும் என்று பல காலமாக ஒரு பேச்சு. சுற்றுலா விளம்பரங்களிலும் வரும். அங்கே ஒருத்தர் எங்களிடம் சொல்ல, எங்கள் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். ஐயா சாமி, ஓசோன் நமக்கு நல்லது செய்வது தலைக்கு மேலே பதினைந்து இருபது கிலோமீட்டர் தாண்டித்தான். தரையில் ஓசோன் அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கேடு, வண்டிப் புகையில் வெயில் பட்டு உண்டாகிற சமாச்சாரம் அது. கடல் காற்றை ஓசோன் என்று சொல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களில் கிளம்பிய நம்பிக்கை. நாம் கடல் வாசனை என்று ரசிப்பது பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிற நுண்ணுயிர்களிலிருந்து வருகிற கந்தகச் சேர்மம். பாருங்கள், இல்லாத ஓசோனை விளம்பரம் செய்கிறோம், இருக்கிற மீனை மறைத்து வைக்கச் சொல்கிறோம்.

கோட்டைக்கு வடக்கே ஒரு அக்கா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊரு தம்பி என்றார். வெள்ளகோவில் என்றால் தெரியவில்லை, ஈரோடு பக்கம் என்றதும் தெரிந்தது. மீன் சோறு தேடி அலைந்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "வேன்ல வர்றவங்க எல்லாம் கோயிலுக்கு வந்தவங்க தம்பி, மீன் தின்ன மாட்டாங்கன்னு நெனச்சிருக்கோம். யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல" என்றார். கேட்டால் செய்து தருவீர்களா என்றேன். "செய்யலாம். இடம் வேணும், தண்ணி வேணும். வந்தவங்க கை கழுவ, கக்கூஸ் போக வசதி வேணும். அதெல்லாம் யாரு குடுப்பா" என்றார்.

அவர் கேட்டது மூணே விஷயம். இடம், தண்ணீர், கழிப்பறை. கருத்தரங்கில் ஒன்றரை மணி நேரம் பேசியவர் இந்த மூணில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கண்ணபுரம் மாட்டுச்சந்தை சித்திரையில் கூடும். காங்கேயம் காளை வாங்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். அங்கே மாட்டுச் சாணம் நாறுகிறது, மாடுகளைத் தள்ளி வையுங்கள் என்று எவனாவது சொல்வானா? சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கவே சிரிப்பாக இருக்கிறது. மாடு இருந்தால்தான் சந்தை. அந்தப் பொட்டல்வெளியிலேயே பந்தல் போட்டு, சோறு போட்டு, கயிறும் சலங்கையும் விற்று நாலு காசு பார்க்கிறார்கள்.

கேரளாவில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கொச்சிக்குப் பக்கத்தில் கும்பளங்கி என்று ஒரு மீன்பிடிக் கிராமம். 2003-ல் அதையே மாதிரி சுற்றுலாக் கிராமம் என்று எடுத்தார்கள். மீன் பிடிக்கிறவன் வீட்டிலேயே தங்கலாம், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாம், வலை போடுவதைப் பார்க்கலாம். பிறகு 2019-ல் படம் வேறு வந்து உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஃபோர்ட் கொச்சியில் சீன வலைக்குப் பக்கத்தில் மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற கடைகள். அங்கேயும் பழைய கோட்டை ஊர், அங்கேயும் டச்சுக்காரன் போர்த்துகீசியன் கட்டடம். ஆனால் வலையைத் தள்ளி வைக்கவில்லை, வலைதான் படத்திலேயே வருகிறது. கும்பளங்கியில் எல்லாரும் பணக்காரன் ஆகிவிட்டான் என்று சொல்ல வரவில்லை. வழி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது நான் படித்த படிப்புக்கு வேலை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, வீட்டுக்கு வருமானம் இல்லை, அரசு நிவாரணத்தை வைத்து ஓட்ட வேண்டும். நம்முடைய பள்ளி, கல்லூரி விடுமுறை எப்போது? ஏப்ரல், மே. தமிழ்நாடே வேன் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற மாதங்களில்தான் மீனவர் வீட்டில் அடுப்பு யோசித்து எரிகிறது! ஒரு தொழிலுக்கு வருமானம் நிற்கிற மாதத்தில் இன்னொன்றுக்கு சீசன் என்றால் ரெண்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று முதல் வருடப் பையனுக்கே தெரியும். தடைக்காலத்தில் மீன் எங்கே என்று கேட்பீர்கள். கரையோரம் சின்னப் படகில் கொஞ்சம் வரும், விலை ஏறித்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்கு எந்தத் தடைக்காலமும் கிடையாது.

சட்டச் சிக்கல் அது இது என்று பயப்படுத்துவார்கள். சின்ன சாப்பாட்டுக் கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வருடத்துக்கு 100 ரூபாய். வருடம் 20 லட்சத்துக்குள் நடக்கிற சேவை வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். பத்துப் பெண்கள் சேர்ந்த ஒரு சுய உதவிக் குழு, நகர வாசலுக்கு உள்ளே ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்க் குழாய், சுத்தமான ரெண்டு கழிப்பறை. ஆளுக்கு 150 ரூபாய் சாப்பாடு என்றால் எங்கள் வேனில் பெரியப்பா பெரியம்மாவைக் கழித்துவிட்டு 17 பேருக்கு 2550 ரூபாய். ஒரு வேன், ஒரு மதியம். நாங்கள் அங்கே கொடுத்த 640-ஐப் போல நாலு மடங்கு. உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட நடந்து கதை சொன்னால் அதற்கும் கொடுத்திருப்போம். கோட்டைக்குள் இருக்கிற அருங்காட்சியகத்தைவிட, கடல் எந்த வருடம் எந்தத் தெருவை எடுத்தது என்று அந்த அக்கா சொன்னது எனக்கு அதிகம் புரிந்தது.

கோயில் போகிற வழியில் கவுச்சி கூடாதே என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். சரி, பெரியவர்கள் சாப்பிட வேண்டாம். ஆனால் அது நம்முடைய விரதம், அந்த ஊர்க்காரனுடைய குற்றம் அல்ல. நாம் சாப்பிடாததற்காக அவன் கருவாட்டைக் காயப்போடக் கூடாது என்பது என்ன நியாயம்? சந்தையில் வாங்கும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோமா என்ன?

அரசாங்கமும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் பார்வை வேறு பக்கம். மத்திய அரசின் சுவதேஷ் தரிசனத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கடலோரச் சுற்றுலா வட்டம் என்று ஒன்று வந்தது. சென்னை, மாமல்லபுரம், ராமேஸ்வரம், மணப்பாடு, கன்னியாகுமரி. கடலோரத்தில் இருக்கிற கோட்டை ஊர் பெயர் அந்த வரிசையில் இல்லை. அப்படியே வந்திருந்தாலும் என்ன வைத்திருப்பார்கள்? ஒரு வளைவு, ஒரு விளக்குக் கம்பம், நான் தரங்கம்பாடியை நேசிக்கிறேன் என்று பெரிய எழுத்தில் ஒரு போட்டோ மேடை. அந்த அக்கா கேட்ட கழிப்பறை அதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த 200 ரூபாயைச் சொல்கிறேன் என்றேனே. அந்த அக்காவிடம் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். பேரம் பேசவில்லை, அவரே ஒரு கை அதிகமாக அள்ளிப் போட்டார். நாலு பிளாஸ்டிக் பையில் சுற்றி, கடைசி சீட்டுக்கு அடியில், கல்யாணத் தாம்பூலத் தேங்காய் மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். கும்பகோணம் தாண்டியதும் ஏசியைப் போட்டார்கள், மாட்டிக்கொண்டேன். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கரூர் வந்ததும் டீ குடிக்க இறங்கியபோது பக்கத்தில் வந்து, "நெத்திலியா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். நோட்டில் அதை 'இதர செலவு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.